நமக்கு நாமே திட்டத்தில் உங்கள் தெருவுக்கு ஒரு வேலை வாங்குவது எப்படி: தெருக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு

தெருவில் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் சீமைக் கருவேலம். அலுவலகத்தில் போய்க் கேட்டால் 'ஃபண்டு இல்லை சார்' என்ற ஒரே பதில். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. வேலைக்கு ஆகும் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால், மீதியை அரசு போட்டு உள்ளாட்சி மூலமாக அந்த வேலையைச் செய்யும். அதுதான் நமக்கு நாமே திட்டம். 2021-22 முதல் நகரத்துக்கும் கிராமத்துக்கும் தனித்தனியாக நடக்கிறது. கிராமப்புறத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் செய்யும் வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். பூங்கா, விளையாட்டுத் திடல், பள்ளிக் கட்டடம், நூலகம், தெருவிளக்கு, கண்காணிப்புக் கேமரா, சாலை என்று பொதுச் சொத்து எதற்கும் பெரும்பாலும் கேட்கலாம்.

எங்கள் பகுதியில் சிலர் சேர்ந்து இப்படி ஒரு வேலையை இழுத்துப் பிடித்து முடித்தோம். எந்த மேசையில் என்ன கேட்பார்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, ஒவ்வொரு காகிதத்தையும் 'இது இல்லையா?' என்று திருப்பி அனுப்பிய பிறகுதான் தெரிந்துகொண்டோம். நீங்களும் அப்படி அலைய வேண்டாம். ஆனால் அலுவலகத்தில் அலைவதைவிடப் பெரிய வேலை தெருவுக்குள்ளேதான் இருக்கிறது. கேட்காமல் விடப்பட்ட நாலு வீடு, கடைசி நேரத்தில் 'எங்களைக் கேட்டா செய்தீர்கள்?' என்று நின்றால் ஒப்புதல் வந்த வேலைகூட நின்றுவிடும். அதனால் இரண்டாவது படியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

1. முதலில் அந்த இடம் யாருடையது என்று பாருங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள், செலவே இல்லை. தனியார் பெயரில் இருக்கும் நிலத்தில் அரசுப் பணத்தைப் போட மாட்டார்கள். வருவாய்த்துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் பட்டா விவரம், அ-பதிவேடு (எந்தச் சர்வே எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று காட்டும் கிராமக் கணக்கு), நகரமாக இருந்தால் நகர நிலஅளவைப் பதிவேடு எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். பதிவுத்துறையின் தளத்தில் வில்லங்க விவரத்தையும் காசில்லாமல் பார்க்க முடியும். இவற்றைப் பிரதி எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள்.

மனைப்பிரிவுப் பூங்காக்களில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். லேஅவுட் வரைபடத்தில் பச்சையாகப் 'பூங்கா' என்று போட்டிருக்கும், எல்லோரும் அது மாநகராட்சி இடம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள், ஆனால் மனை போட்டவர் அதைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாரா என்று பார்த்தால் கொடுத்திருக்கவே மாட்டார். ஆக, அந்தத் தானப்பத்திரத்தின் எண்ணும் தேதியும் உங்கள் கையில் வேண்டும். இல்லையென்றால் முதல் மனு அதற்காகத்தான் இருக்க வேண்டும், பூங்காவுக்காக இல்லை. மனைப்பிரிவு வரைபட நகல் சென்னைப் பகுதியில் சிஎம்டிஏவிடமும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மற்ற இடங்களில் டிடிசிபியிடமும் (நகர ஊரமைப்பு இயக்ககம்) இருக்கும்.

சாலை என்றால் அது நெடுஞ்சாலைத் துறையுடையதா உள்ளாட்சியுடையதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மின் கேபிள் வேலை எதுவும் அந்தத் தெருவுக்கு வரவிருக்கிறதா? வரப்போகிறது என்றால் அது முடியும்வரை சாலையைத் தொடாதீர்கள். போட்ட ஒரு மாதத்தில் தோண்டிவிட்டுப் போவார்கள், அப்புறம் உங்களிடம் பணம் கொடுத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

2. தெருவைக் கூட்டுங்கள், வாட்ஸாப் குழுவை மட்டும் இல்லை

குழுவில் கட்டைவிரல் போட்டவர்கள் எல்லாம் சம்மதித்தவர்கள் என்று கணக்குப் போடாதீர்கள். குழுவில் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள்தான் இருப்பார்கள், அதிலும் வீட்டுக்கு ஒரு ஆண். வாடகைக்கு இருப்பவர், மேல்மாடியில் தனியாக இருக்கும் பாட்டி, தெரு முனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர், பின் சந்தில் இருக்கும் குடும்பங்கள், இவர்கள் யாரும் அதில் இருக்க மாட்டார்கள். ஆனால் வடிகால் எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்று துல்லியமாகச் சொல்லக்கூடியவர் அந்தப் பின் சந்துக்காரர்தான், தண்ணீர் அவர் வீட்டுக்குள்தானே போகிறது!

அதனால் முதலில் வீடு வீடாகப் போங்கள். இரண்டு பேராகப் போவது நல்லது, அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் கதவு திறக்கும். போகும்போது பணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். மூன்று கேள்வி போதும்: இந்தத் தெருவில் உங்களுக்கு எது பெரிய தொந்தரவு, அது எப்போது நடக்கிறது, யாரெல்லாம் அதில் கஷ்டப்படுகிறார்கள். பதிலை அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பூங்கா கேட்கலாம் என்று கிளம்பியிருப்பீர்கள், பாதி வீடு தெருவிளக்கு கேட்கும். அப்படி வந்தால் விளக்கைத்தான் முதலில் எடுக்க வேண்டும், உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகப் பூங்காவைத் தள்ளிக்கொண்டு போனால் பாதி வழியில் தனியாக நிற்பீர்கள்.

பிறகு கூட்டம். தெருவிலேயே நாற்காலி போட்டு வையுங்கள். யாராவது ஒருவர் வீட்டு வரவேற்பறையில் வைத்தால் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் வரமாட்டார்கள், எல்லாத் தெருவிலும் அப்படி இரண்டு வீடு உண்டு. ஞாயிறு காலை பத்து மணி என்று வைத்தால் பெண்கள் சமையலில் இருப்பார்கள், மாலை ஐந்து ஆறு மணிக்கு வையுங்கள். தேதி, நேரம், என்ன பேசப்போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு கேட்டிலும் ஒரு வாரம் முன்பே ஒட்டிவிடுங்கள். 'எனக்குத் தெரியாது' என்று பிறகு யாரும் சொல்ல முடியாதபடி அதைப் படமும் எடுத்து வையுங்கள்.

கூட்டத்தில் எழுத வேண்டியவை: வந்தவர்கள் பெயர், கதவு எண், கையெழுத்து, எந்த வேலை என்ற முடிவு, யார் எதிர்த்தார்கள், என்ன காரணம். எதிர்ப்பை எழுதச் சொன்னால் பலருக்குப் பிடிக்காது, 'எதற்கு அதையெல்லாம்' என்பார்கள். எழுதுங்கள். தன் பேச்சு பதிவாகியிருக்கிறது என்று தெரிந்தவர் ஆணையருக்குத் தனி மனு போடுவது குறைவு. எதிர்ப்பிலும் பாதி விஷயம் நியாயமாக இருக்கும், 'கேமரா என் வாசலைப் பார்த்து வைக்காதீர்கள்' என்பது போல. அதைத் திட்டத்திலேயே சரிசெய்துவிடலாம்.

கூட்டத்திலேயே ஐந்தாறு பேர் கொண்ட ஒரு குழுவைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு பார்ப்பவரும் அலுவலகம் போகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வாடகைதாரர் ஒருவராவது குழுவில் இருக்கட்டும்.

3. பகுதி சபையில் பதிய வையுங்கள்

நகரங்களில் ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபை வைத்திருக்கிறார்கள், 2022இல் விதிகள் வந்தன. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகியவை கூட்டம் நடத்தக் குறித்த நாட்கள். கிராமத்தில் என்றால் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

உங்கள் தெருக்கூட்ட முடிவை இங்கே மனுவாகக் கொடுத்து, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாயால் பேசிவிட்டு வந்தால் அது காற்றோடு போகும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கண்ணால் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு நகல் கேட்டு மனு கொடுங்கள். இந்த நகல் மனுவோடு சேர்ந்தால் கவுன்சிலருக்கும் பொறியாளருக்கும் 'இது நாலு பேர் கேட்பது இல்லை' என்று புரியும்.

பகுதி சபையில் உறுப்பினர் என்பது அந்தப் பகுதி வாக்காளர் எல்லோரும்தான். புதிதாகக் குடிவந்தவர்களின் ஓட்டு பழைய முகவரியிலேயே கிடக்கும். படிவம் 8 போட்டு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கிராம சபைக்குக் குறைவெண், அதாவது குறைந்தது இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கணக்கு, உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்: 500 பேர்வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் சேர்க்காமல் போனால் தீர்மானமே இல்லை.

4. எஸ்டிமேட் வாங்குவது, அதைப் படிப்பது

மதிப்பீடு போடுவது உள்ளாட்சியின் பொறியாளர், நகரத்தில் பெரும்பாலும் உங்கள் வார்டின் ஜேஇ (இளநிலைப் பொறியாளர்) அல்லது ஏஇ (உதவிப் பொறியாளர்). இடத்தைப் பார்க்க வரச்சொல்லி எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அவர் வரும் நாளில் தெருவைச் சேர்ந்த நாலைந்து பேர் கூடவே இருக்க வேண்டும், பின் சந்துக்காரர் உட்பட. தண்ணீர் தேங்கிய படங்களைத் தேதியோடு காட்டுங்கள்.

எஸ்டிமேட் வந்ததும் பயந்து ஒதுங்காதீர்கள். நீளம், அகலம், கனம், அளவு, விலை, அவ்வளவுதான். ஒரு டேப்பை எடுத்து நீங்களே அளந்து நீள அகலத்தைச் சரிபாருங்கள். விலை அரசின் விலைப்பட்டியல்படி வரும், அதில் நீங்கள் பேரம் பேச ஒன்றுமில்லை. ஜிஎஸ்டி, தொழிலாளர் நலநிதி போன்றவையும் உள்ளே ஏறியிருக்கும், உங்கள் மூன்றில் ஒரு பங்கு இவை எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்குத்தான் என்பதைப் பணம் கேட்கும் முன் புரிந்துகொள்ளுங்கள்.

பேவர் பிளாக் என்றால் கனத்தைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லேசான போக்குவரத்துக்கு 60 மி.மீ., நடுத்தரத்துக்கு 80 மி.மீ. தண்ணீர் லாரி வரும் தெருவில் 60 போட்டால் ஒரு வருடத்தில் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். தார்ச்சாலை என்றால் பழைய பரப்பைச் சுரண்டி எடுக்கும் வேலை எஸ்டிமேட்டில் தனி வரியாக இருக்கிறதா? 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, சுரண்டாமல் மேலே மேலே போடக் கூடாது என்று உத்தரவே போட்டார். அந்த வரி இல்லையென்றால் சாலை உயர்ந்து உங்கள் வாசல் பள்ளமாகும், அதற்கு நீங்களே காசும் கட்டியிருப்பீர்கள்.

5. பணம் திரட்டுவது

ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: எஸ்டிமேட் 9 லட்சம் என்றால் மக்கள் பங்கு 3 லட்சம். 60 வீடு இருந்தால் சராசரி வீட்டுக்கு 5,000 ரூபாய். ஆனால் 60 வீடும் 5,000 கொடுக்காது, கொடுக்கவும் முடியாது. தலைக்கு இவ்வளவு என்று கட்டாயம் பண்ணாதீர்கள். வசதி உள்ளவர் 15,000 கொடுப்பார், ஒருவர் 200 கொடுப்பார், ஒருவர் கொடுக்கவே மாட்டார். கொடுத்த தொகையைப் பெயர் போட்டுப் பலகையில் எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டு, எனக்குப் பிடிக்காது. 200 கொடுத்தவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். வாடகைதாரரிடம் கேட்பதைவிட வீட்டு உரிமையாளரிடம் கேட்பதுதான் நியாயம், அவர் வெளியூரில் இருந்தாலும் போன் போட்டுக் கேளுங்கள்.

தனிநபர், குழு, நிறுவனம் யார் வேண்டுமானாலும் பங்களிப்பு கட்டலாம், சங்கம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் பல பேர் பணத்தை ஒருவர் சொந்தக் கணக்கில் வாங்கினால் சந்தேகம் வரும். வருமானவரிக் கேள்வியும் வரலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி 7 பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவுச் சான்று, துணைவிதிகள், சங்கத்தின் பான் அட்டை, கணக்கு தொடங்கும் தீர்மானம், கையெழுத்துப் போடுபவர்களின் அடையாளச் சான்று, இவ்வளவும் வங்கியில் கேட்பார்கள். இதற்கே சில வாரங்கள் போகும், எஸ்டிமேட்டுக்காகக் காத்திருக்கும்போதே முடித்துவிடுங்கள். ரொக்கமாக வாங்கினால் எண் போட்ட ரசீது கட்டாயம், 50 ரூபாயாக இருந்தாலும்.

பங்குத் தொகையை அலுவலகத்தில் கட்ட டிடி (வங்கி வரைவோலை) எடுப்பதில் நாலு விஷயம். டிடிக்கு மூன்று மாதம்தான் ஆயுள், அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்துவிட்டு ஒப்புதல் தாமதமானால் புதுப்பிக்க அலைய வேண்டும். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் ரொக்கத்துக்கு டிடி தரமாட்டார்கள், கணக்கிலிருந்துதான் எடுக்க முடியும். டிடி எடுப்பவர் பெயரும் அதில் அச்சாகும், அதனால் சங்கக் கணக்கிலிருந்தே எடுங்கள். யார் பெயருக்கு எடுக்க வேண்டும் என்பதை அலுவலகத்திடம் கடிதமாகவே வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு எழுத்து மாறினாலும் திரும்பி வரும்.

6. மனுவோடு வைக்க வேண்டியவை

விண்ணப்பக் கடிதம் (என்ன வேலை, எங்கே, நாங்கள் எவ்வளவு கட்டத் தயார்), தெருக்கூட்டப் பதிவின் நகல், சபைத் தீர்மான நகல், நிலம் உள்ளாட்சி பெயரில் இருப்பதற்கான ஆவணம், இடத்தின் படங்களும் கை வரைபடமும், சங்கப் பதிவுச் சான்று, பங்களித்தவர்கள் பட்டியல். நகரத்தில் ஆணையர் அல்லது செயல் அலுவலருக்கு, ஊரகத்தில் மாவட்ட ஆட்சியருக்கு. கவுன்சிலரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கினால் நகர்வு வேகமாகும், வாங்கும்போது அவரையும் தெருவுக்கு ஒரு தடவை வரவழையுங்கள்.

இரண்டு செட் எடுத்துப் போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். 'வைத்துவிட்டுப் போங்கள் பார்த்துக்கறோம்' என்பார்கள். சிரித்துக்கொண்டே அங்கேயே நில்லுங்கள். 'சேர்த்துக் கொடுங்க, சீக்கிரம் ஆகும்' என்று யாராவது சொன்னால், இந்தத் திட்டத்தில் பங்களிப்பைத் தவிர வேறு கட்டணம் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

7. காத்திருக்கும் காலம்

நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை என்று வரிசையாக மாதங்கள் போகும். காலத்தைக் கணக்குப் போட்டுத் தொடங்குங்கள். இதற்கான பணத்தை ஆண்டுக்கு ஆண்டுதான் ஒதுக்குவார்கள், ஏப்ரல், மே மாதத்தில் மனு கொடுத்தவருக்கும் பிப்ரவரியில் கொடுத்தவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு வந்துவிட்டதா, மீதி இருக்கிறதா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழை, சாலை வேலை நகராது. தேர்தல் அறிவித்துவிட்டால் நடத்தை விதி முடியும்வரை புது வேலை தொடங்காது.

டெண்டர் மதிப்பீட்டைவிடக் குறைவாகவோ கூடவோ போனால் உங்கள் பங்கு என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். ஊரகத் திட்டத்தில் மக்கள் பங்கு பாதியோ அதற்கு மேலோ இருந்தால் பங்களித்தவர்களே வேலையைச் செய்யலாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பில், அளவுப் பதிவு, ஆள் சம்பளம் எல்லாம் உங்கள் தலையில். கட்டட வேலை தெரிந்தவர் தெருவில் இல்லையென்றால் வேண்டாம்.

இந்த மாதங்களில்தான் தெரு சோர்ந்துபோகும். 'பணத்தை என்ன பண்ணினீர்கள்?' என்ற பேச்சு இப்போதுதான் கிளம்பும். மாதம் ஒரு தடவை, ஒன்றுமே நகராவிட்டாலும், 'கோப்பு இந்த மேசையில் இருக்கிறது, வங்கியில் இவ்வளவு இருக்கிறது' என்று தெரு முனையில் ஒரு தாள் ஒட்டுங்கள். கோப்பு மாதக்கணக்கில் அசையவில்லையென்றால் 1100க்கு அழைத்து 'முதல்வரின் முகவரி' என்ற அரசின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் பதியலாம். அதிலும் ஒன்றும் வரவில்லையென்றால் தகவல் உரிமை மனு: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி அனுப்புங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் தாமதம்' என்று கேட்காதீர்கள், 'எங்கள் மனு இன்ன தேதியில் எந்தெந்த அலுவலரிடம் இருந்தது, அவர் எழுதிய குறிப்பின் நகல்' என்று கேளுங்கள்.

8. வேலை நடக்கும்போது

பணி ஆணையின் நகலையும் எஸ்டிமேட்டையும் கையில் வைத்துக்கொண்டு தினமும் இரண்டு பேர் முறை வைத்துப் பாருங்கள். வீட்டிலிருக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் இல்லத்தரசிகளுக்கும் இது நன்றாக வரும். ஒப்பந்தக்காரரின் ஆட்களோடு சண்டை போடாதீர்கள், அவர்கள் கூலிக்கு வந்தவர்கள். குறை இருந்தால் படமெடுத்துப் பொறியாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். கான்கிரீட் போட்டால் குறைந்தது 7 நாள் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்க வேண்டும், இதைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். ஊற்றும் வேலையைத் தெருவே எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

தரம் பற்றிச் சந்தேகம் வந்தால், தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 2(ஜே) வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. இதைக் கேட்டு ஒரு மனு போட்டாலே கலவையில் சிமெண்ட் கூடும் என்பது என் அனுபவம். கடைசி பில் போகும் முன், செய்த வேலையின் அளவைப் பொறியாளர் எழுதி வைக்கும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேளுங்கள், எம்-புக் என்று சொன்னால்தான் அலுவலகத்தில் புரியும்.

9. முடிந்த பிறகு

கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, வரவு செலவு ரசீதுகளோடு தெருக்கூட்டத்தில் வாசியுங்கள். மிச்சம் இருந்தால் அதை என்ன செய்வது என்பதும் அதே கூட்டத்தின் முடிவு, குழுவின் முடிவு இல்லை.

பூங்காவாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பராமரிப்பு என்ற பெயரில் சங்கம் பூட்டுப் போட்டு, 'எங்கள் தெருக் குழந்தைகளுக்கு மட்டும்' என்று ஆக்கிவிடும் பழக்கம் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு அரசுப் பணம், நிலமும் பொது நிலம், பின் சந்துக் குழந்தைகளும் அங்கே விளையாடத்தான் வருவார்கள். திறக்கும் நேரம், பூட்டும் நேரம், தண்ணீர் விடுவது யார், கரண்ட் பில் யார் கட்டுவது என்பதை உள்ளாட்சியோடு எழுத்தில் பேசி முடிவு பண்ணி, அந்த நேரத்தைப் பலகையாக வாசலில் வைத்துவிடுங்கள். பணி ஆணையில் ஒப்பந்தக்காரரின் குறைதீர்க்கும் பொறுப்பு எந்தத் தேதிவரை என்று போட்டிருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு சுற்றுப் பார்த்து, பெயர்ந்தது உடைந்தது எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுங்கள், தேதி தாண்டினால் அந்தச் செலவு தெருவின் தலையில் விழும்.